பிள்ளைங்களுக்கு பைபிள் கதைய கையால செய்ய வச்சு சொல்லிக்கொடுக்குறது எப்படி

குடும்ப ஜெபத்துல பிள்ளைங்க நெளியுதுங்க, சண்டே ஸ்கூல்ல பேசிக்கிட்டே இருக்குதுங்கன்னு சொல்றவங்களுக்குத்தான் இத எழுதுறேன். அஞ்சு வயசு பிள்ளைய அரைமணி நேரம் உக்காந்து கேளுன்னா அது எப்படி கேக்கும்? இயேசப்பாவே விதை, காசு, ஆடு, மீன்வலை, புளிச்சமாவுன்னு எல்லார் வீட்லயும் கண்ணு முன்னாடி இருந்த சாமானத்த வச்சுத்தான் ஜனங்களுக்கு சொன்னார். நமக்கும் அது போதும், கடைல போய் கலர் பேப்பர், கிளிட்டர் எல்லாம் வாங்கி குமிக்க வேணாம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. கதை முடிஞ்ச கையோட "இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேக்காதீங்க, பிள்ளைங்க நமக்கு புடிச்ச பதிலத்தான் சொல்லும், "பொய் சொல்லக்கூடாது, அம்மா பேச்ச கேக்கணும்"னு எல்லா கதைக்கும் ஒரே பதில் வரும். பிள்ளை செய்யட்டும், நீங்க ஒரு கேள்வி மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க.

ரொம்ப சுலபமானது காணாமப்போன காசு, பத்து காசுல ஒண்ண தொலைச்சுட்டு தேடுற ஒரு அம்மாவோட கதை, லூக்கா 15ல இருக்கு. பத்து ஒரு ரூபா காச பிள்ளை கையில குடுத்து எண்ண சொல்லுங்க, அப்புறம் அதுக்குத் தெரியாம ஒண்ண எடுத்து கட்டிலுக்கு அடியிலயோ மிதியடிக்கு கீழயோ போட்டுடுங்க. லைட்ட அணைச்சுட்டு ஒரு டார்ச்சும் விளக்குமாறும் குடுங்க, ஏன்னா அந்த அம்மாவும் விளக்க கொளுத்தி வீட்டப் பெருக்கித்தான் தேடுறாங்க. பாதி தேடும்போது "மீதி ஒன்பது இருக்கே, விட்டுடலாமா?"ன்னு கேளுங்க. பிள்ளை என்ன சொல்லுதோ அதுதான் அன்னைக்கு பாடம். காசு கிடைச்சதும் நிறுத்திடாதீங்க, அந்த அம்மா தோழிங்களையும் அக்கம்பக்கத்துக்காரங்களையும் கூப்பிட்டு சந்தோஷப்பட்டாங்கல்ல, அதனால பக்கத்து வீட்டு பிள்ளைங்கள நிஜமாவே கூப்பிட்டு ஆளுக்கொரு கடலமிட்டாய் குடுங்க. நிறைய பேர் இந்த கடைசி பகுதிய விட்டுடுறாங்க, ஆனா மனந்திரும்புற ஒரு பாவிக்காக பரலோகத்துல சந்தோஷம்னு ஆண்டவர் சொன்னது பிள்ளைக்கு புரியுறதே அந்த மிட்டாய் குடுக்குறப்பதான்.

எனக்கு ரொம்ப புடிச்சது விதைக்கிறவன் கதை, ஒருத்தன் தூவுன விதை நாலு விதமான நிலத்துல விழுந்தது, மத்தேயு 13. இதுக்கு பொறுமை வேணும், ஒரே நாள்ல முடியாது. நாலு தேங்கா சிரட்டைய எடுத்து கண்ணுல ஓட்ட போட்டுக்கோங்க. ஒண்ணுல களிமண்ண போட்டு காலால மிதிச்ச மாதிரி கெட்டியா அமுக்கிடுங்க, அது வழியோரம். ரெண்டாவதுல முக்கால்வாசி ஜல்லி, மேல ஒரு விரல் கனத்துக்கு மண்ணு, அது பாறை நிலம். மூணாவதுல அருகம்புல்ல வேரோட பேத்து நெருக்கமா வைங்க, அது முள்ளு இருக்குற நிலம். நாலாவதுல நல்ல மண்ணும் சாணி எருவும். நாலுலயும் பிள்ளை கையாலயே வெந்தயம் தூவ வைங்க, வெந்தயம் சீக்கிரம் முளைச்சிடும், பிள்ளைங்களுக்கு காத்திருக்க முடியாதுல்ல. தினமும் தண்ணி ஊத்துற வேலையும் பிள்ளையோடதுதான். கெட்டி மண்ணு மேல கெடக்குறத எறும்போ குருவியோ தூக்கிட்டு போயிடும். ஜல்லி சிரட்டைலயும் பச்சை தெரியும், "முளைச்சிருச்சு முளைச்சிருச்சு"ன்னு குதிக்கும், அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு நாள் தண்ணி விடாம நல்ல வெயில்ல வச்சா அந்த சிரட்டைல இருக்குறதுதான் முதல்ல தலைய தொங்கப்போடும், பிள்ளை கையால மெதுவா ஒரு செடிய பிடுங்கி வேர பாக்க சொல்லுங்க, நல்ல மண்ணுல இருக்குறதயும் ஒண்ணு பிடுங்கி பக்கத்துல வைங்க. இயேசப்பா குடுத்த விளக்கம் 18ஆம் வசனத்துல இருந்து இருக்கு, அத அன்னைக்கு வாசிங்க, முதல் நாளே வாசிச்சிடாதீங்க.

பெருவெள்ளத்துல தப்பிக்க நோவா கட்டுன பேழைக்கு எல்லாரும் படத்துல கலர் அடிக்க குடுப்பாங்க, அதுல பேழை ஒரு சின்ன படகு மாதிரி இருக்கும், நாலு மிருகம் தலைய நீட்டிக்கிட்டு நிக்கும். ஆதியாகமம் 6ல நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30ன்னு தெளிவா இருக்கு. பூக்காரம்மா பூ அளக்குற அதே முழம்தான், முழங்கைல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். பெரியவங்க கைக்கு சுமாரா 45 சென்டிமீட்டர் வரும், அப்ப நீளம் கிட்டத்தட்ட 135 மீட்டர். சர்ச் காம்பவுண்டுலயோ தெருவுலயோ கயித்த புடிச்சு அளக்க விடுங்க, நிறைய இடத்துல காம்பவுண்டு பத்தாது. அளந்து முடிக்கிறப்ப "மத்தவங்க எல்லாம் தண்ணில செத்துட்டாங்களா?"ன்னு ஏதாவது ஒரு பிள்ளை கண்டிப்பா கேக்கும். மழுப்பாதீங்க, ஆமான்னு சொல்லுங்க, கடவுளோட மனசு வேதனப்பட்டுச்சுன்னு அதே அதிகாரத்துல இருக்குறதயும் சொல்லுங்க.

காணிக்கைய பத்தி சொல்லணும்னா நம்ம திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து சபைகள்ல வழக்கமா இருக்குற கைப்பிடி அரிசிய விட நல்லது எதுவும் இல்ல. உலைல போடுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடிய தனியா ஒரு டப்பாவுல எடுத்து வைப்பாங்கல்ல, அந்த கைப்பிடிய பிள்ளைய எடுக்க விடுங்க. ஞாயித்துக்கிழமை அதுவே தூக்கிட்டு வரட்டும். மாற்கு 12ல ரெண்டு காசு போட்ட விதவைய பத்தி அந்த வாரத்துல ஒரு ராத்திரி சொன்னா போதும், தனியா விளக்கவே வேணாம்.

இயேசப்பா சீஷருங்களோட கால கழுவுனத நினைக்கிற பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்) அன்னைக்கு ஒரு பேசின்ல தண்ணி வச்சு அப்பா பிள்ளையோட கால கழுவட்டும். பிள்ளை கூச்சத்துல கால இழுத்துக்கும், சிரிக்கும், சீஷர் பேதுருவும் முதல்ல வேணாம்னுதான் சொன்னார், யோவான் 13.

ஒரே ஒரு விஷயத்துல நான் கறாரா இருப்பேன். "சேட்டை பண்ணா இயேசப்பா அடிப்பார்", "ஜெபம் பண்ணலன்னா பரீட்சைல ஃபெயில்"னு பயமுறுத்தாதீங்க. பயந்து ஜெபிக்கிற பிள்ளை தப்பு பண்ணுன அன்னைக்கு ஜெபிக்கவே வராது, அன்னைக்குத்தான் அது கண்டிப்பா வரணும்.

லீவு நாள்ல விபிஎஸ் (சபைல நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி) மாதிரி தெரு பிள்ளைங்கள எல்லாம் சேத்து செய்றீங்கன்னா மத்த மார்க்கத்து பிள்ளைங்களும் ஆசையா வரும். முதல்ல அவங்க அம்மா அப்பாகிட்ட போய் என்ன கதை, என்ன செய்யப்போறோம்னு சொல்லி சம்மதம் வாங்கிடுங்க, ஜெபம் பண்ணும்போது கண்ண மூடித்தான் ஆகணும்னு எந்த பிள்ளையயும் கட்டாயப்படுத்தாதீங்க.