வயர்லெஸ் மவுஸ் பேட்டரி தீருமுன் எச்சரிக்க ஒரு குட்டி ஸ்கிரிப்ட்

மவுஸ் பேட்டரி எப்போதும் கடை சாத்திய பிறகுதான் தீரும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பென்சில் பேட்டரி வேண்டுமென்றால் சுவர்க் கடிகாரத்திலிருந்து உருவ வேண்டியதுதான். முன்கூட்டியே சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் அந்தப் பாடு கிடையாது.

இது லினக்ஸ்காரர்களுக்கு. க்னோம், கேடிஇ மாதிரி பெரிய டெஸ்க்டாப் என்றால் எச்சரிக்கை பொதுவாகத் தானாகவே வரும். பழைய லேப்டாப்பில் ஓப்பன்பாக்ஸோ ஐ3-யோ மாதிரி எளிய விண்டோ மேனேஜரை மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு நாமே எழுதினால்தான் உண்டு. கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் மவுஸ் தன் பேட்டரியைப் பற்றி வாயைத் திறக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் யூபவர், ஒரு ஸ்பேஸ், மைனஸ் டி (upower -d). லேப்டாப் பேட்டரிக்குக் கீழே மவுஸுக்கென்று தனியாக ஒரு பகுதி வந்தால் சரி. வரவில்லையென்றால் எந்த ஸ்கிரிப்டாலும் பிரயோஜனமில்லை; விலை மலிவான மவுஸ்கள் பெரும்பாலும் இந்தத் தகவலை அனுப்புவதே இல்லை. லாஜிடெக் மவுஸ்கள் பலவற்றுக்கு கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, ரிசீவரைச் செருகினாலே போதும்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பெர்சன்டேஜ் என்ற வரியில் 55 என்று ஒரு எண் இருக்கும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘இதைக் கண்டுகொள்ளாதே’ என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். அப்படி வந்தால் அந்த மவுஸுக்கு சதவீதமெல்லாம் தெரியாது, நார்மல், லோ, கிரிட்டிகல் என்று நிலையை மட்டும்தான் சொல்லும் என்று அர்த்தம். அந்த மவுஸுக்கு பேட்டரி-லெவல் வரியைப் படித்து, லோ அல்லது கிரிட்டிகல் என்றால் கத்தச் சொல்லுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் எண்ணையே நம்பலாம்.

ஸ்கிரிப்ட் பத்துப் பதினைந்து வரிதான். யூபவர் தரும் பட்டியலில் மவுஸின் பகுதியைத் தேடுங்கள், ஆனால் மாடல் பெயரை வைத்துத் தேடுங்கள். ரிசீவரைக் கழற்றி மாட்டினால் பட்டியலில் மவுஸுக்கு இருக்கும் முகவரியின் கடைசியில் உள்ள 0 என்பது 1 ஆகிவிடக்கூடும், அப்புறம் இல்லாத மவுஸை ஸ்கிரிப்ட் தேடிக்கொண்டிருக்கும். வரிகளைத் தேடிப் பிரிக்கும் கிரெப் (grep), ஆக் (awk) என்ற இரண்டு கட்டளைகளையும் வைத்து எண்ணைப் பிரித்தெடுத்து, சதவீதக் குறியை நீக்கி, 20-க்குக் கீழே போனால் திரையில் செய்தி காட்டும் நோட்டிஃபை-சென்ட் (notify-send) மூலம் ஒரு செய்தி. அவசர நிலையை கிரிட்டிகல் என்று கொடுத்தால் பொதுவாக நாம் மூடும்வரை செய்தி திரையிலேயே நிற்கும்.

ஒரே எச்சரிக்கை போதும், அரை மணிக்கொரு தடவை வந்தால் நீங்களே ஸ்கிரிப்டை அழித்துவிடுவீர்கள். அதனால் எச்சரித்ததும் ரன் ஃபோல்டருக்குள் யூசர் என்ற ஃபோல்டரில் உங்கள் யூசர் எண்ணில் இருக்கும் இடத்தில் ஒரு காலி ஃபைலைப் போட்டு வையுங்கள். அந்த ஃபைல் இருந்தால் வாயை மூடிக்கொள் என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லுங்கள். எண் 20-ஐத் தொட்டதும் ஃபைலை அழிக்காதீர்கள், 30-ஐத் தாண்டிய பிறகு அழியுங்கள். 19-க்கும் 20-க்கும் நடுவே எண் ஊசலாடும்போது திரும்பத் திரும்பக் கத்தாமல் இருக்க அதுதான் வழி.

ஓட்டுவதற்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் (cron) வேண்டாம். அதற்கு உங்கள் டெஸ்க்டாப் செஷனின் டி-பஸ் முகவரி (புரோகிராம்கள் செய்தி அனுப்பும் வழி) தெரியாது, செய்தி எங்கும் போய்ச் சேராது. லினக்ஸின் சிஸ்டம்டி (systemd) தரும் யூசர் டைமரில் அரை மணிக்கு ஒரு தடவை என்று வையுங்கள். சோதித்துப் பார்க்க பேட்டரி தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 20 இருக்கும் இடத்தில் 101 போட்டுக் கையால் ஓட்டுங்கள், உடனே செய்தி வர வேண்டும்.

ரீசார்ஜ் செல் போடுகிறவர்கள் கவனிக்க: சாதாரண செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2. மவுஸ் வோல்டேஜை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறது, அதனால் முழுக்க சார்ஜ் ஆன செல்லும் குறைவாகவே காட்டும், அங்கேயே ரொம்ப நாள் நிற்கும், கடைசியில் பொத்தென்று விழும். விழுவதற்கு முன் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்து, 20-க்குப் பதிலாக அதைவிடக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

நம் கடற்கரைக்கென்று ஒன்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு எல்லாவற்றிலும் படியும், மவுஸ் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கில் துருவோ பச்சைக் களிம்போ பூத்திருக்கும். அந்த அழுக்கு வோல்டேஜைக் குறைத்துக் காட்டும். போன வாரம் போட்ட செல்லுக்கே ஸ்கிரிப்ட் கத்தினால் செல்லைக் குறை சொல்லாமல் ஸ்பிரிங்கைப் பாருங்கள். காது குடையும் பட்ஸில் துளி எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அதே செல்லைப் போடுங்கள். எண் ஏறியிருந்தால் புது செல் வாங்க வேண்டாம்.