குழந்தைக்கு மாறுகண்ணா, மாறுகண் போலத் தெரிகிறதா?

கைக்குழந்தையைப் பார்த்து "ஒரு கண்ணு உள்ளே போகுதே" என்று யாராவது சொன்னால், முதலில் மூக்குத்தண்டைப் பாருங்கள். இந்த வயதில் அது அகலமாக, சப்பையாக இருக்கும். கண்ணின் உள்மூலையில் ஒரு தோல் மடிப்பு இறங்கி அந்தப் பக்கத்து வெள்ளை விழியை மூடியிருக்கும். காதுப் பக்கம் வெள்ளை தெரிகிறது, மூக்குப் பக்கம் தெரியவில்லை என்றால், கருவிழி மூக்கோடு ஒட்டியதுபோலத்தானே தோன்றும்? குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது இன்னும் மோசமாகத் தெரியும். ஆனால் கண்கள் நேராகவே இருக்கும். இது பொய் மாறுகண். மூக்குத்தண்டு எழும்ப எழும்பத் தோற்றம் மாறிவிடும். மூக்குத்தண்டுத் தோலை இரு விரலால் மெல்லக் கூட்டிப் பிடித்தால் மறைந்த வெள்ளை வெளியே வரும். 'மாறுகண்' காணாமல் போகும்.

ஆகவே வெள்ளையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பார்க்க வேண்டியது கண்ணுக்குள் மின்னும் ஒளிப்புள்ளியை.

பால் குடித்து, நன்றாக விழித்திருக்கும் நேரத்தில் ஒருவர் மடியில் வைத்துத் தலையை நேராகப் பிடிக்கட்டும். தலை கொஞ்சம் திரும்பினாலும் சோதனை வீண். செல்போன் டார்ச் வெளிச்சம் அதிகம். மேலே மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். டார்ச்சை உங்கள் மூக்கருகே வைத்து, ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நின்று, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடுங்கள். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்ததும் இரு கருவிழியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். இரண்டிலும் ஒரே இடத்தில், கண் பாப்பாவின் (கருவிழி நடுவே உள்ள கறுப்பு வட்டம்) நடுவிலோ அதிலிருந்து ஒரு மயிரிழை மூக்குப் பக்கமோ இருந்தால் கண்கள் நேர். ஒரு கண்ணில் மட்டும் புள்ளி காதுப் பக்கம் தள்ளியிருந்தால் அந்தக் கண் உள்ளே திரும்பியிருக்கிறது. மூக்குப் பக்கம் தள்ளியிருந்தால் வெளியே. புள்ளி 1 மி.மீ. தள்ளியிருந்தால் கண் ஏறக்குறைய 7 டிகிரி திரும்பியிருக்கிறது. புள்ளி பாப்பாவின் ஓரத்தில் விழுந்தால் சுமார் 15 டிகிரி.

குழந்தை அசைந்துகொண்டே இருந்தால் போட்டோவே மேல். பின்பக்க கேமரா, ஃப்ளாஷ் போட்டு, ஒரு மீட்டர் தூரம், முகத்துக்கு நேர் எதிரே. செல்ஃபி கேமரா வேண்டாம்; சில போன்கள் இடவலத்தை மாற்றிவிடும், பிறகு எந்தக் கண் என்றே குழம்பும். வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, குழந்தை ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணைக் கட்டைவிரலால் மறையுங்கள். திறந்திருக்கும் கண் சட்டென்று நகர்ந்து பொம்மையைப் பிடித்தால், அது அதுவரை வேறெங்கோ திரும்பியிருந்தது. இரு கண்ணையும் மாற்றி மாற்றி மறைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், மற்றக் கண்ணில் பார்வை குறைவோ என்று சந்தேகப்பட வேண்டும்.

வீட்டுச் சோதனைக்கு எல்லை உண்டு. சிறிய விலகலும், வந்து வந்து போகும் விலகலும் இதில் தப்பிவிடும். தூரப்பார்வையால் (கிட்டே இருப்பதைப் பார்க்கக் கண் சிரமப்படும் குறை) வரும் மாறுகண் பெரும்பாலும் 2, 3 வயதில்தான் தலைகாட்டும். கண்ணாடி போட்டாலே பலருக்கு நேராகும். அதனால் 'பொய் மாறுகண்' என்று ஒருமுறை சொல்லிவிட்டதோடு விட்டுவிடக் கூடாது.

முதல் இரண்டு மூன்று மாதம் கண்கள் அவ்வப்போது அலைபாய்வது இயல்பு. நான்கு மாதம் தாண்டியும் எப்போதாவது விலகினாலும், எந்த வயதிலும் ஒரு கண் நிரந்தரமாக விலகியிருந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். "மாறுகண் அதிர்ஷ்டம்", "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருந்தால், விலகிய கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கப் பழகி, அது பார்வை குறைந்த 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். தொட்டிலில் கட்டிய கிலுகிலுப்பையால் மாறுகண் வராது; அதை அவிழ்க்கத் தேவையில்லை.

ஃப்ளாஷ் போட்டோவில் கண் பாப்பா சிவப்பாக இல்லாமல் வெள்ளையாக மின்னினால் நாள் கடத்தாதீர்கள். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். திடீரென வந்த மாறுகண், காதுப் பக்கம் திரும்பாத கண், கூடவே வாந்தி, மந்தம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

போகும்போது அந்தப் போட்டோக்களைக் கொண்டுபோங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள். சில மருந்துகளில் வெளிச்சக் கூச்சம் ஒரு நாளில் தீரும், அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கலாம். வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பொய் மாறுகண் என்றே சொன்னாலும், மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று தேதி கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.