'மருந்து கேட்கவில்லை' என்று எழுதும் முன்: சி.எம்.எல். சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் இமாட்டினிப் வந்தது. இன்று பெரும்பாலானவர்கள் தினசரி மாத்திரையோடு பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள். அது பலிக்காதபோதும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபோதும்தான் சிக்கல். புதிதாக வரும் இளம் டாக்டர்கள், நாங்கள் அந்த வயதில் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

வெள்ளையணு இறங்கியதும் நிம்மதியாவது

அது சில வாரங்களிலேயே இறங்கிவிடும். பார்க்க வேண்டியது, இந்த நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணுவின் அளவு: 3ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள், 6ஆம் மாதம் 1க்குள், ஒரு வருஷத்தில் 0.1க்குள்.

விட்டுப்போன மாத்திரையை 'எதிர்ப்பு' என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

லாரி ஓட்டுபவர் ஒருவர். 1க்குக் கீழே இருந்த அளவு 4க்கு ஏறியது. கேஸ் ஷீட்டில் 'ரெசிஸ்டென்ஸ்', அதாவது நோய் மருந்தை எதிர்த்து நிற்கிறது என்று எழுதி, நிலோட்டினிப் என்ற மாற்று மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். முன்னால் 2 மணி நேரமும் பின்னால் 1 மணி நேரமும் எதுவும் தின்னக்கூடாது. வண்டி நின்ற இடத்தில் சாப்பிடுகிறவருக்கு இது நடக்கிற காரியமா?

அடுத்த முறை அவர் மனைவி மருந்துப் பையைக் கவிழ்த்தபோது பிரிக்காத இமாட்டினிப் அட்டைகள் விழுந்தன. காலையில் வெறும் டீயோடு போட்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு. ஹைவேயில் எங்கே நிறுத்துவது? லோடு ஏற்றும் நாட்களில் மாத்திரையை விட்டுவிட்டார். இராத்திரி சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் போடச் சொல்லிப் பழைய மருந்துக்கே திருப்பினோம். அளவு மறுபடி இறங்கியது.

2010இல் லண்டனில் 87 பேரின் இமாட்டினிப் டப்பா மூடியில் சிப் வைத்துக் கண்காணித்தார்கள். கால்வாசிப் பேருக்கு மேல் 90 சதவீத மாத்திரையைத் தாண்டவில்லை. 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட மூலக்கூறு அளவில் பலன் தெரியவில்லை. மாதத்துக்கு 3 மாத்திரை விட்டாலே 90 சதவீதம்தான்!

"ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ஆமா சார்" என்பார்கள். "போன மாசம் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எதனால?" என்று கேளுங்கள். அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். அப்புறம் உண்மை வரவே வராது.

மியூட்டேஷன் (மரபணு மாற்ற) டெஸ்ட் இல்லாமல் வேறு மருந்துக்குத் தாவுவது

மாத்திரை சரியாகப் போயும் அளவு ஏறினால் அது நிஜமான எதிர்ப்பு. அந்த மரபணுவில் 'டி315ஐ' (T315I) என்ற மாற்றம் இருந்தால், டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் என்ற மாற்று மருந்துகள் மூன்றுமே வீண். பொனாட்டினிப்போ அசிமினிப்போ வேண்டும்.

காசநோய் மருந்தை விசாரிக்காதது

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், இமாட்டினிப்பின் ரத்த அளவை வெகுவாகக் குறைத்துவிடும். நம் ஊரில் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

இமை வீங்கியதும் மருந்தை மாற்றுவது

இமாட்டினிப்பால் வரும் இமை வீக்கமும் கெண்டைக்கால் பிடிப்பும் பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. துணை மருந்து கொடுத்தும் தீராவிட்டால் மாற்றத் தயங்காதீர்கள். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து. சகித்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

டாசாட்டினிப்பில் மூச்சு வாங்கினால் சளி மருந்து கொடுப்பது

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே.