பள்ளிக் கணினிக்கூடத்தில் கட்டற்ற மென்பொருள்: வினாத்தாளிலிருந்து தொடங்குங்கள்

யாரும் நகலெடுக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். சென்னையில் ஒரு பள்ளியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே வாரத்தில் பழைய நிலைக்கே திரும்ப நேர்ந்தது. மாணவர்களுக்கு அதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் தமிழாசிரியை தம் பென் டிரைவிலிருந்த வினாத்தாளைத் திறந்தபோது, ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. “தம்பி, இது நாளைக்கு ஜெராக்ஸுக்குப் போகணும்” என்று மட்டும் சொன்னார்.

பாமினி முதலான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கிலம் வெளியே தெரிந்துவிடும். ஆகவே முதல் வேலை, ஆசிரியர்களிடமுள்ள பழைய வினாத்தாள்களைத் திரட்டி, எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தருவது. மாற்றியபின் ஒவ்வொரு தாளையும் ஆசிரியரே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது வழக்கம். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டதால், இந்த உழைப்பு லினக்ஸுக்காக மட்டுமே என்று யாரும் குறைபட முடியாது.

அடுத்து, புதிதாகத் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்வரிசை வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்வரிசையில் ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். எனவே அ, ம, ம, ஆ என்று நான்கே அழுத்தங்களில் ‘அம்மா’ வந்துவிடும். பாமினியில் ஐந்து. இதைக் கண்ணெதிரே செய்துகாட்டியபோது கிடைத்த ஒப்புதல், மென்பொருள் விடுதலை பற்றி நான் ஆற்றிய எந்த உரைக்கும் கிடைத்ததில்லை. விண்டோஸில் இ-கலப்பை, லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இதற்குப் போதும்.

இந்தக் கட்டத்தில் இயங்குதளத்தைத் தொடாதீர்கள். இருக்கிற விண்டோஸ் கணினிகளிலேயே ஆவணங்களுக்கு லிப்ரெஆபீஸ், இணையத்துக்குப் பயர்பாக்ஸ், படங்களுக்குக் கிம்ப் ஆகிய கட்டற்ற மென்பொருள்களை நிறுவி ஒரு பருவம் முழுவதும் புழங்க விடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவது எதுவாயினும் பிடிஎஃப் ஆக மாற்றியே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக்குங்கள்.

பாடநூல்களும் நம் பக்கமே இருக்கின்றன. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓப்பன்ஆபீஸைக் கற்பிக்கிறது. லிப்ரெஆபீஸ் 2010இல் அதிலிருந்தே கிளைத்தது என்பதால் செய்முறைகள் ஏறத்தாழ அப்படியே பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் என்ற கட்டற்ற நிரல்மொழி உள்ளது. மாறாக, கணக்குப்பதிவியல் நூலில் விண்டோஸில் ஓடும் டேலி என்ற கணக்கு மென்பொருள் இடம்பெறுவதால், அதற்கென உரிமம் பெற்ற விண்டோஸ் கணினிகள் இரண்டை விட்டுவையுங்கள். கணித வகுப்புக்கு, வரைபடங்களும் வடிவங்களும் வரைந்துகாட்டும் ஜியோஜீப்ரா மென்பொருள் அருமையானது. பள்ளிகளுக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் அதன் உரிமம் முழுக்கக் கட்டற்றதன்று என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நேர்மை. ‘விலையில்லா’ என்ற அடைமொழி மடிக்கணினி முதல் மிதிவண்டி வரை பழகிப்போன நம் ஊரில், விலையின்மை வேறு, நகலெடுக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமை வேறு என்று பிரித்துக்காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இயங்குதளத்தை மாற்றக் கோடை விடுமுறையே உரிய காலம். 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு போன்ற தகுதிகள் இல்லாதவை. இக்கணினிகளில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சென்னை ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றை வாங்கிப் பொருத்தி, 4 ஜிபி நினைவகத்துடன் லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினால் நன்றாகவே ஓடும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் கூடம் முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். ஆளுக்கொன்று போட்டுவைத்தால் பழுது பார்ப்பவர் பாடு திண்டாட்டம்.

நிறுவுவதற்கு முன், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி ஒவ்வொரு கணினியிலும் ஒலி, வைஃபை, புரொஜெக்டர், பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். பிரிண்டரில்தான் அகப்பட்டுக்கொள்வோம்; பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சரியான டிரைவர் கிடைப்பதில்லை. அப்படியானால் அதை டேலிக்கு விட்டுவைத்த கணினியோடு இணைத்து, பிடிஎஃப் கோப்பை அங்கே கொண்டுபோய் அச்சிடுவதே எளிது. எல்லாம் சரியான பிறகு ஒரு கணினியில் மட்டும் நிறுவி, அதே தமிழாசிரியையை அழைத்து ஒரு வினாத்தாளைத் திறந்து, திருத்தி, அச்சிடச் சொல்லுங்கள். அது தடையின்றி முடிந்தபின் மற்றக் கணினிகளில் கை வைக்கலாம்.