வேன் ஹீட்டர் சூடு தரவில்லையா? காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்

புதுச்சேரியில் தை மாத இரவில்கூடப் பெரிய குளிர் அடிப்பது அபூர்வம். இங்கே, கட்டில் போட்டுத் தூங்கும்படி மாற்றிய வேனை நிறுத்தி ஹீட்டரைப் போட்டுப் பார்த்தால், எப்படிப் பொருத்தியிருந்தாலும் நன்றாகச் சுடுவது போலத்தான் தெரியும். நானும் அதை நம்பித்தான் ஊட்டிக்குக் கிளம்பினேன். முதல் ராத்திரி வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளே ஹீட்டர் பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுப் படுக்கவைத்தோம்.

ஹீட்டரில் பழுதே இல்லை. அதைக் கட்டிலுக்கு அடியில் பெட்டிபோல் அடைத்து, மிச்ச இடத்தில் போர்வைகளைத் திணித்திருந்தோம். சூடான காற்று வெளியே வர வேண்டுமென்றால், அறையின் காற்று அதே அளவுக்குத் திரும்பி ஹீட்டருக்குள் போக வேண்டும். போகவில்லையென்றால் உள்ளே சூடு தேங்கி, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். அமெரிக்காவில் தங்கிப் பயணிக்கும் டிரெய்லர்களின் கேஸ் ஹீட்டரானாலும் (புரொப்பேன் ஃபர்னஸ்) நம் வேன்களின் டீசல் ஹீட்டரானாலும் கணக்கு ஒன்றுதான். கட்டில் பலகையில் ஜன்னல்போல் தாராளமாக வெட்டிவிடுங்கள். வலை அடித்தால், கம்பி மறைக்கும் இடத்தையும் சேர்த்துப் பெரிதாக வெட்டுங்கள்.

அடுத்த தவறு, சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாயில். 75 மி.மீ. குழாய் கிடைக்கவில்லையென்று 60 மி.மீ. போடுவார்கள். விட்டம் கொஞ்சம்தான் குறைகிறது, ஆனால் காற்று போகும் வாய் 44 சதுர செ.மீ.யிலிருந்து 28க்கு வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு! சுருங்கி விரியும் குழாயை இழுத்துக் கட்டாமல் பாம்பாக நெளியவிடுவதும், சாமான்களுக்கு அடியில் நசுங்கவிடுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

பேட்டரி ஒயர் மெலிதாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும். டீசல் ஹீட்டருக்கு இன்னொரு சங்கதி: ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்று அங்கே லேசாக இருப்பதால், கடல்மட்டத்துக்கு வைத்த டீசல் அளவு அதிகமாகிப் புகையும் கரியும் சேரும். உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

புகைக்குழாயில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் ஓட்டை கண்ட இடத்தில் குளவி மண்கூடு கட்டிவிடும், உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். ஹீட்டரைத் தொடாத மாதங்களில் குழாய் வாயைத் துணியால் கட்டிவையுங்கள்; கட்டியதை மறக்காமலிருக்க சுவிட்சிலேயே ஒரு அட்டையைத் தொங்கவிடுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூக்கத்திலேயே கொன்றுவிடும். அதற்கான அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள். குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவதும் அதே ஆபத்துதான். போதாததற்கு, கேஸ் எரியும்போது நீராவியும் வரும். விடிந்தால் சுவரெல்லாம் ஈரம்.

குளிரில்லாத ஊரிலும் காற்றைச் சோதித்துவிடலாம். ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து, ஹீட்டர் ஓடும்போது வேனுக்குள் இருக்கும் ஒவ்வொரு காற்று வாயிலும் பிடியுங்கள். வெளியேறும் வாயில் அது பறக்க வேண்டும். திரும்பும் வாயில் வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லையென்றால் மலைக்குக் கிளம்புமுன் கட்டில் பலகையை இன்னும் வெட்டுங்கள்.