சோப்புக் கட்டியில் சிலைப் பாடம்

குழந்தைகளிடம் பிற நாட்டுச் சிலைகளின் படங்களை வெறுமனே காட்டினால் இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். முதலில் கையில் ஒரு சோப்பைக் கொடுங்கள். உறையைப் பிரித்து ஒரு நாள் காற்றாட வைத்த சோப்பு என்றால் பிசுபிசுக்காது. கத்தி வேண்டாம், ஸ்பூன் காம்பே போதும்.

கையை நீட்டி நிற்கும் பொம்மையைச் செதுக்கச் சொல்லுங்கள். கை பெரும்பாலும் பட்டென்று ஒடிந்துவிடும். ஒடியட்டும், பாடமே அதுதான்.

அப்புறம் சுமார் 4,500 ஆண்டு பழைய எகிப்திய மன்னர் மென்கௌரேயின் கற்சிலைப் படத்தைக் காட்டுங்கள். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும், முதுகுப் பக்கம் கல்லை அப்படியே விட்டிருப்பார்கள். பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் 'மோவாய்' எனப்படும் கற்சிலைகளிலும் கைகள் உடலை ஒட்டியே இறங்கி, வயிற்றடியில் விரல்கள் நெருங்கி நிற்கும். ஏன் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

உடனே சோழர் கால நடராசரைக் காட்டினால், "இவருக்கு மட்டும் எப்படி கை ஒடியல?" என்று கேள்வி வரும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் கதையை அப்போது சொல்லுங்கள். ஆப்பிரிக்காவின் பெனின் அரசவைக் கலைஞர்களும் இதே முறையில்தான் வார்த்தார்கள்.

சோப்புத் தூளைத் தூக்கிப் போடாதீர்கள், துணி ஊறவைக்க ஆகும்.