கத்திரி வெயிலுக்குத் தாங்கும் புதினாக் குழாய்

பிவிசி குழாயை மாடியில் நிமிர்த்தி நிறுத்தி, சுற்றிலும் பைபோல வெட்டி, புதினா, துளசி போன்றவற்றை அதில் வளர்க்கலாம். வேலூர்ப் பக்கம் மாடியில் வைத்த செடியைக் கொல்பவை இரண்டு: மேற்கு வெயில், உப்புத் தண்ணீர். அதனால் குழாய் வாங்கப் போகும் முன் சுவரைப் பாருங்கள். கிழக்குச் சுவர்தான் சரி. காலையில் நாலைந்து மணி நேரம் வெயில், மத்தியானத்துக்கு மேல் நிழல். மேற்குச் சுவர் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கக்கும். ஒட்டி நிற்கும் குழாயில் வேர் வெந்துவிடும். வேறு இடமே இல்லையென்றால் சுவரைவிட்டு ஓரடி தள்ளி நிறுத்தி, மார்ச் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

6 அங்குல பிவிசி குழாய் 5 அடி வேண்டும். 4 அங்குலம் விலை குறைவுதான், ஆனால் மண் கொஞ்சமே பிடிக்கும். மே மாதத்தில் பொழுது சாயுமுன் காய்ந்துவிடும். குழாய்க்கு வெளியே வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், சூடு குறையும்.

குழாயைச் சுற்றி நீளவாக்கில் நாலு கோடு போடுங்கள். முதல் கோட்டிலும் மூன்றாவதிலும் மேலிருந்து 15, 45, 75, 105 செ.மீ. இடங்களில் குறி, மற்ற இரண்டில் 30, 60, 90. மொத்தம் 14 பை. ஒவ்வொரு குறியிலும் ஆக்சா பிளேடால் 10 செ.மீ. குறுக்கு வெட்டு. வெட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஹீட் கன்னால் (சூடான காற்றைப் பீய்ச்சும் கருவி) சூடேற்றி, ஈரமான கண்ணாடிப் பாட்டிலை மேலிருந்து சாய்வாகச் செருகினால் கீழ்விளிம்பு பைபோல வெளியே வளையும். ஆறும்வரை பிடித்திருங்கள். இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். அடுப்புத் தீயில் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

தண்ணீர் ஊற்ற, நடுவில் இறக்க முக்கால் அங்குலக் குழாய் 4 அடி, அடியில் மூடி. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். சம இடைவெளியில் துளை போட்டால் தண்ணீர் கீழேயே ஓடும். மேல்பை வாடும், அடிப்பை அழுகும். மேலே 5 செ.மீ.க்கு ஒன்று, நடுவில் 10 செ.மீ.க்கு ஒன்று என 3 மி.மீ. துளை போட்டு, கடைசி ஓரடியைத் துளையில்லாமல் விடுங்கள். மண் அடைக்காதிருக்க நைலான் கொசுவலை சுற்றுங்கள்.

20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, 6 அங்குலக் குழாயை நிறுத்தி, உள்ளும் புறமும் ஓரடிக்கு ஜல்லி. மேல்முனையைச் சுவர்க் கிளாம்பில் பிணையுங்கள். ஆடிக் காற்று சும்மா விடாது.

ஜல்லிக்கு மேல் சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும்: தென்னை நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் ஒன்றரை, மணல் அரை, வேப்பம்பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி. நார்த்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே சேருங்கள்.

மேல்பைகளில் வறட்சி தாங்கும் கற்பூரவல்லி, துளசி. அடியில் ஈரம் கேட்கும் வல்லாரை, புதினா. ஆம்பூர் பிரியாணிக்கு வாங்கும் புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு முற்றிய தண்டை 10 செ.மீ. நறுக்கி நட்டால் போதும். கொத்தமல்லியைப் புரட்டாசியிலிருந்து தை வரை மட்டும் விதையுங்கள். தனியாவை லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். கோடையில் போட்டால் நாலு இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

பாலாற்றங்கரையில் தோல் கழிவு கலந்த ஊர்களில் போர்த் தண்ணீரை நம்ப முடியாது. மற்ற இடங்களிலும் பெரும்பாலும் கடினம்தான். இலை நுனி கருகி, பை ஓரத்தில் வெண்படலம் கட்டினால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். மழைநீரும் ஏசி சொட்டும் தண்ணீரும் நல்லவை. ஆர்ஓ கழிவுத் தண்ணீரை ஊற்றவே கூடாது, உப்பு அதில்தான் திரள்கிறது. போர்த் தண்ணீர்தான் கதி என்றால் பதினைந்து நாளுக்கொரு முறை பத்து லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை அடியோடு வழியவிடுங்கள். அதில் சத்தும் கரைந்து போகும். மறுநாள் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் வையுங்கள்.